பச்சைச் சட்டைக் குதிரைப்படையின் தடத்தில்: தென் கரோலினா பயணக் குறிப்புகள்

வெள்ளி – சார்ல்ஸ்டன், மங்க்ஸ் கார்னர்

அமெரிக்க விடுதலைப் போர் என்றதும் நம் மனதில் எழும் படம் எளிமையானது. ஒரு பக்கம் சிவப்புச் சட்டை பிரிட்டிஷ்காரர்கள், மறுபக்கம் சுதந்திரம் கேட்கும் அமெரிக்கர்கள். நான் இப்போது தேடிப் போகிற ஆட்கள் அந்தப் படத்துக்குள் அடங்காதவர்கள். பச்சைச் சட்டைக்காரர்கள். படையின் பெயர் பிரிட்டிஷ் லீஜியன். ஆனால் அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் காலனிகளிலேயே பிறந்தவர்கள், இல்லாவிட்டால் அயர்லாந்து, ஸ்காட்லாந்திலிருந்து வந்து அங்கே குடியேறியவர்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பக்கம் நின்ற இவர்களை லாயலிஸ்டுகள் என்பார்கள். எதிர்த்தரப்பு வாயில் டோரி.

1778இல் நியூயார்க்கில், தளபதி ஹென்றி கிளின்டன் சிறுசிறு லாயலிஸ்ட் பிரிவுகளை ஒன்றாகக் கோத்து உருவாக்கிய படை இது. பாதி குதிரைப்படை, பாதி காலாட்படை. காகிதத்தில் கேத்கார்ட் பிரபுதான் கர்னல். களத்தில் நடத்தியவர் பனாஸ்ட்ரே டார்ல்டன். லிவர்பூல்காரர், சர்க்கரையிலும் அடிமை வணிகத்திலும் சம்பாதித்த குடும்பம். அப்பா விட்டுப்போன பணத்தைச் சூதாடித் தொலைத்துவிட்டு, 1775இல் விலைக்கு வாங்கிய பதவியோடு ராணுவத்துக்கு வந்தவர். தென் கரோலினாவில் இறங்கியபோது வயது 25.

பெரியப்பா மகன் அண்ணன் ஷார்லட்டில் இருக்கிறார். நான் சென்னையிலிருந்து வருகிறேன் என்றதும் கடற்கரை, மலை என்று ஏதோ திட்டம் போட்டு வைத்திருந்தார். அதைக் கலைத்துவிட்டு சார்ல்ஸ்டனுக்குக் காரைத் திருப்பச் சொன்னேன். மே மாதக் கடைசி வார நீண்ட விடுமுறை, நெடுஞ்சாலை முழுக்கக் கடலுக்குப் போகிற வண்டிகள்.

சார்ல்ஸ்டனில் மாரியன் சதுக்கத்துக்கு முதலில் போனோம். புல்வெளி ஓரத்தில், கம்பி வேலிக்குள் ஒரு சாம்பல் நிறக் கட்டி நிற்கிறது. சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பு, மணல், உடைந்த சிப்பி ஓடு எல்லாம் கலந்து வார்த்த சுவர், இங்கே டேபி என்பார்கள். 1780 முற்றுகையில் நகரத்தைக் காத்த கோட்டைச் சுவரில் கண்ணுக்கு மிச்சமிருப்பது அந்தத் துண்டுதான்.

"தம்பி, இதுக்கா மூணரை மணி நேரம் ஓட்டிட்டு வந்தேன்?" என்றார் அண்ணன்.

அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்த அமெரிக்கப் படை மே 12 அன்று சரணடைந்தது. 5,000 பேருக்கு மேல். அந்தப் போரில் அமெரிக்கர்கள் இவ்வளவு பேரை ஒரே இடத்தில் வேறெங்கும் இழக்கவில்லை. ஆனால் முற்றுகையின் கழுத்துப்பிடி இறுகியது இங்கே அல்ல, ஐம்பது கிலோமீட்டர் வடக்கே மங்க்ஸ் கார்னரில். அங்கேதான் லீஜியன் முதன்முதலாகத் தன் வேலையைக் காட்டியது.

அதற்கு முன் குதிரைகளின் கதையைச் சொல்ல வேண்டும். 1779 டிசம்பர் கடைசியில் நியூயார்க்கிலிருந்து கப்பல்கள் கிளம்பின. வாரக்கணக்கில் புயல். ஜார்ஜியா கரையை எட்டியபோது லீஜியனின் குதிரைகள் அநேகமாக எல்லாமே செத்துப்போயிருந்தன. சேணம் இருக்கிறது, வாள் இருக்கிறது, குதிரை இல்லை. டார்ல்டன் தன் ஆட்களைப் படகில் ஏற்றி போர்ட் ராயல் தீவுக்குப் போனார், அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டார். கிடைத்தவை கப்பலில் போனவற்றின் தரத்துக்குப் பக்கத்தில் வராதவை. நல்ல குதிரைகள் எல்லாம் எதிரியிடம் இருந்தன. எதிரி மங்க்ஸ் கார்னரில் இருந்தான்.

ஏப்ரல் 14, அதிகாலை மூன்று மணி. ஐசக் ஹ்யூஜர் என்ற அமெரிக்க ஜெனரலின் குதிரைப்படை பிகின் ஓடைப் பாலத்தைக் காவல் காத்தது. அவர் படையை நிறுத்திய விதம் விசித்திரம்: குதிரைக்காரர்கள் பாலத்துக்கு இந்தப் பக்கம், அவர்களைக் காக்க வேண்டிய காலாட்படை அந்தப் பக்கம். வழியில் பிடிபட்ட ஓர் அடிமையிடம் ஹ்யூஜரின் கடிதம் இருந்தது. படை எங்கே எப்படி நிற்கிறது என்பது டார்ல்டனுக்கு அதில் தெரிந்துவிட்டது. இருட்டில் பாய்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது, அமெரிக்கர்கள் சதுப்புக்குள் ஓடினார்கள். டார்ல்டன் கணக்குப்படி கையில் விழுந்தவை 400 குதிரைகள். லீஜியன் அன்றைக்குத்தான் உண்மையில் குதிரைப்படை ஆனது.

அந்தப் பொழுது விடிந்த பிறகு நடந்ததும் பதிவில் இருக்கிறது. லீஜியன் ஆட்கள் சிலர் பக்கத்தில் ஃபேர் லான் என்ற பண்ணை வீட்டில் புகுந்து அங்கிருந்த பெண்களைத் தாக்கினார்கள். இத்தனைக்கும் அது ராஜ விசுவாசக் குடும்பத்தின் வீடு. கூட வந்த மேஜர் பேட்ரிக் ஃபெர்குசன் அவர்களை அந்த இடத்திலேயே சுட்டுத்தள்ள வேண்டும் என்றார். மேலதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. விசாரணை நடந்தது, கசையடியோடு முடிந்தது.

பிகின் தேவாலயத்தில் இப்போது இரண்டு செங்கல் சுவர்த் துண்டுகளும் கல்லறைகளும்தான். 1781இல் பிரிட்டிஷ் படை பின்வாங்கும்போது கொளுத்திவிட்டுப் போனது. கொசு பிடுங்கி எடுத்துவிட்டது. பழைய சான்டீ கால்வாய்ப் பூங்காவில் சதுப்பின் மேல் மரப்பாலம் போட்டு நடக்க விட்டிருக்கிறார்கள். சைப்ரஸ் மரங்கள், கறுத்த தண்ணீர். இந்த இருட்டில், இந்தத் தண்ணீருக்குள், குதிரையை விட்டு ஓடியவர்களின் நிலையை அங்கே நின்று யோசித்தால் ஓரளவு புரிகிறது.

சனி – மானிங், கேம்டன்

காலையிலேயே 34 டிகிரி. வழியோரக் கடையில் அவித்த கடலை விற்கிறார்கள். தோலோடு, உப்புத் தண்ணீரில், நம் ஊர் மாதிரியே. பேப்பர் கூம்புக்குப் பதில் ஸ்டைரோஃபோம் டப்பா. அண்ணன் இரண்டு டப்பா வாங்கி, போர்க்களம் வரும்வரை பேசவேயில்லை.

மானிங் பக்கம் ஆக்ஸ் சதுப்பு. 1780 நவம்பரில் டார்ல்டன் அமெரிக்கக் கெரில்லாத் தலைவர் பிரான்சிஸ் மாரியனை ஏழு மணி நேரம், ஏறக்குறைய 26 மைல் துரத்தி, இந்தச் சதுப்பின் விளிம்பில் வந்து கைவிட்டார். 'இந்தக் கிழட்டு நரியைச் சாத்தானே வந்தாலும் பிடிக்க முடியாது' என்று அலுத்துக்கொண்டதாகக் கதை. மாரியனுக்குச் சதுப்பு நரி என்ற பெயர் நிலைத்ததற்கு அதைத்தான் காரணம் சொல்கிறார்கள். ஊர்ச் சுவர்களில் நரியும் மாரியனுமாக ஓவியங்கள். டார்ல்டன் அந்த வட்டாரத்தில் எரித்துவிட்டுப் போன வீடுகளைப் பற்றியும் சொல்வார்கள். வீடு எரிந்தவன் மறுவாரம் மாரியனிடம் போய்ச் சேர்ந்தான். எரிக்க எரிக்க மாரியனின் படை வளர்ந்தது.

அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. கேம்டன் போர்க்களம் ஊருக்கு வடக்கே, உயரமான பைன் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. நீள ஊசி இலைப் பைன். கீழே புதர் இல்லாமல், வெறும் புல்லும் சருகும். அன்றும் இப்படித்தான் இருந்ததாம், பார்வைக்கு எட்டிய தூரம் மரத்தூண்கள்.

1780 ஆகஸ்ட் 16. அமெரிக்கத் தளபதி ஹொரேஷியோ கேட்ஸும் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸும் ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் ஒரே இரவில், ஒரே சாலையில், எதிரெதிரே கிளம்பியிருக்கிறார்கள். நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில் முட்டிக்கொண்டார்கள். அமெரிக்கப் படையினருக்கு முந்தின மாலை அரைவேக்காட்டு இறைச்சியும் வெல்லப்பாகும் கொடுத்திருந்தார்கள். இரவு முழுக்க வரிசையை விட்டு விலகிப் புதருக்குள் ஓடிக்கொண்டிருந்தவர்கள், விடிந்ததும் உலகத்தின் மிகத் தேர்ந்த காலாட்படையின் எதிரில் நிற்க வேண்டியதாயிற்று. வர்ஜீனியா ஊர்ப்படை பலபேர் சுடாமலே துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஜெர்மனியில் பிறந்த டி கால்ப் மட்டும் தன் பிரிவோடு நின்று, பதினொரு காயம் பட்டு விழுந்தார். மூன்றாம் நாள் இறந்தார். கேட்ஸ் அன்று மாலையே 60 மைல் தள்ளி ஷார்லட்டில் இருந்தார்.

"நல்ல குதிரையாத்தான் வாங்கியிருக்கார்" என்றார் அண்ணன்.

லீஜியன் குதிரைப்படை இங்கே செய்தது இரண்டு வேலை. டி கால்ப் ஆட்களைப் பின்னாலிருந்து அடித்து முடித்தது. அப்புறம் ஓடியவர்களை இருபது மைலுக்கு மேல், ஹேங்கிங் ராக் வரை விரட்டியது. விரட்டுவதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2022இல் இந்தக் களத்தில் தோண்டியபோது 14 வீரர்களின் எலும்புகள் கிடைத்தன. மிக மேலாக, அவசரத்தில் புதைத்த குழிகள். 2023 ஏப்ரலில் மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்தார்கள்.

கார்ன்வாலிஸ் என்ற பெயர் எனக்குப் பள்ளிப் பாடத்திலிருந்தே பழக்கம். சென்னை கோட்டை அருங்காட்சியகத்தில் பளிங்கில் நிற்கிறாரே, பீடத்தில் திப்புவின் பிள்ளைகளைப் பணயமாகப் பெறும் காட்சியோடு, அதே ஆள்தான். கேம்டனில் அவர் ஜெயித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதரும் திப்புவும் சின்னாபின்னமாக்கினார்கள். ஒரே பேரரசு, ஒரே கோடைக்காலம். கடைசியில் இங்கே தோற்றவர் அங்கே வந்து ஜெயித்துச் சிலையானார்.

ஞாயிறு – புஃபோர்ட், லான்காஸ்டர்

இன்றைக்கு எழுதுவது நீளமாக இருக்கும். இந்தப் பயணமே இந்த இடத்துக்காகத்தான்.

லான்காஸ்டருக்குக் கிழக்கே இரண்டு கிராமச் சாலைகள் சந்திக்கும் இடம். ஊரின் பெயரே புஃபோர்ட். சாலையோரம் மரங்களுக்கு அடியில் வெள்ளைக் கற்களால் எல்லை கட்டிய ஒரு நீளமான மேடு. அதற்குள் 80 பேருக்கு மேல் ஒன்றாகப் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பக்கத்தில் 1860இல் வைத்த வெள்ளைத் தூண், நினைவுப் பொருளுக்காக ஆட்கள் கொத்திக் கொத்தி மூலைகளெல்லாம் மழுங்கிப்போனது. அதனால் 1955இல் எழுத்துகள் தெளிவாக இன்னொரு கல் வைத்திருக்கிறார்கள். சின்னச் சின்னக் கொடிகள் நட்டிருந்தன. எங்களைத் தவிர யாரும் இல்லை.

ஆபிரகாம் புஃபோர்ட் என்ற கர்னல் வர்ஜீனியாவிலிருந்து ஏறக்குறைய 350 பேரோடு சார்ல்ஸ்டனைக் காக்க வந்தவர். வருவதற்குள் நகரம் விழுந்துவிட்டது. திரும்பி வடக்கே நடந்தார். கூட மாநில ஆளுநர் ரட்லெட்ஜும் வந்துகொண்டிருந்தார். கார்ன்வாலிஸ் டார்ல்டனை ஏவினார். 270 பேர். காலாட்படையினரைக் குதிரைக்காரர்களுக்குப் பின்னால் உட்காரவைத்து, ஒரு குதிரைக்கு இரண்டு ஆள். 105 மைல் தூரத்தை 54 மணி நேரத்தில் கடந்தார்கள். மே மாத வெயில். வழியில் குதிரைகள் சுருண்டு விழுந்தன. விழுந்ததற்கு ஈடாக எதிர்ப்பட்ட பண்ணையில் இருந்ததை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். ஏசி காரில் உட்கார்ந்து அதே திசையில் வந்த நாங்கள் கேம்டனுக்கும் இங்கேக்கும் நடுவில் தண்ணீருக்காக இரண்டு தடவை நிறுத்தினோம்.

ஆளுநரை ரூஜ்லி என்ற பண்ணையார் முந்தின இரவு எச்சரித்து அனுப்பிவிட்டதால் அவர் தப்பினார். அந்த ரூஜ்லி மன்னர் பக்கத்து ஆள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவரைப் பிடித்துக்கொடுக்க மனம் வரவில்லை போலிருக்கிறது. இந்தப் போரில் யார் எந்தப் பக்கம் என்பது காலைக்கும் மாலைக்கும் நடுவில்கூடக் குழம்பிக் கிடந்தது.

1780 மே 29 பிற்பகல். டார்ல்டன் சரணடையச் சொல்லிக் கடிதம் அனுப்பினார், அதில் தன் படை 700 பேர் என்று கூசாமல் எழுதினார். புஃபோர்ட் மறுத்தார்: கடைசிவரை போராடுவேன் என்று பதில். பதில் வீரமாக இருந்தது. படையை நிறுத்திய விதம் அப்படி இல்லை. பாய்ந்து வரும் குதிரைகள் பத்து கஜம் வரும்வரை சுடக்கூடாது என்று உத்தரவிட்டார்.

இதை அந்தத் திறந்த வெளியில் நின்று அண்ணனுக்கு விளக்கப் பார்த்தேன். அந்தக் காலத்து மஸ்கட் துப்பாக்கியில் ஒரு தடவை சுட்டால், மறுபடி மருந்தும் குண்டும் போட்டுத் தயாராகப் பதினைந்து இருபது விநாடி ஆகும். காலாட்படை ஐம்பது கஜத்தில் சுட்டால் முன்வரிசைக் குதிரைகள் விழும், விழுந்த குதிரைகள் மேல் பின்னால் வருபவை தடுக்கும். பத்து கஜத்தில் சுட்டால்? ஒரு விநாடிக்குள் குதிரை உங்கள் மேல். குண்டு பட்டுச் செத்த குதிரையும் அதே வேகத்தில் வந்து வரிசையை உடைக்கும். ஒரே ஒரு வேட்டு, அப்புறம் வாள்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதில்தான் இரு நூற்றாண்டுச் சண்டை. அமெரிக்கத் தரப்பு: வெள்ளைக்கொடி உயர்ந்த பிறகும், துப்பாக்கியைக் கீழே போட்டவர்களையும் வெட்டினார்கள். விழுந்து கிடந்த குவியல்களைப் புரட்டி அடியில் இருந்தவர்களைக்கூடக் குத்தினார்கள். இதை இவ்வளவு விவரமாக எழுதியவர் புஃபோர்ட் படையின் மருத்துவர் பிரவுன்ஃபீல்ட், அதுவும் நாற்பது வருடம் கழித்து. டார்ல்டன் தரப்பு: பாய்ந்த நேரத்தில் அவருடைய குதிரை சுடப்பட்டு விழுந்தது, தளபதி செத்துவிட்டார் என்று நினைத்த ஆட்கள் வெறியாகிவிட்டார்கள், அடக்குவது எளிதாக இல்லை. இதை அவரே பிறகு எழுதினார். மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். காரணம்தான் சொல்கிறார்.

எண்கள் இப்படி: அமெரிக்கர்களில் 113 பேர் சாவு, 150 பேர் அசைக்க முடியாத அளவுக்குக் காயம், 53 பேர் கைதி. லீஜியன் பக்கம் சாவு 5. ஒரு வேட்டுக்குப் பிறகு எதிர்ப்பு எவ்வளவு இருந்திருக்கும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. வெள்ளைக்கொடி விவகாரத்தில் டார்ல்டன் திட்டமிட்டு உத்தரவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஃபேர் லானில் கசையடியோடு விட்ட படை இது. கட்டுப்பாடு அன்றே தளர்ந்திருந்தது, தளர்ந்தது அவருக்கு உதவியாகவும் இருந்தது.

அன்று வெட்டியவர்கள் யார்? பச்சைச் சட்டைக்காரர்கள். லண்டனிலிருந்து வந்த சிவப்புச் சட்டைகள் மிகக் குறைவு, உடன் வந்த 17ஆம் டிராகூன் என்ற குதிரைப் பிரிவினர் மட்டும்தான். மற்றபடி நியூயார்க், பென்சில்வேனியா ஆட்கள் வர்ஜீனியா ஆட்களை வெட்டினார்கள். ஏன் வெறுப்பு இவ்வளவு முற்றியது என்று கேட்டால் ஜார்ஜியாவின் தாமஸ் பிரவுனைச் சொல்லலாம். அவர் லீஜியன்காரர் அல்ல, வேறொரு லாயலிஸ்ட் படையை நடத்தியவர். 1775இல் மன்னருக்கு எதிராகக் கையெழுத்துப் போட மறுத்ததற்காக ஒரு கும்பல் அவரைத் தார் பூசி, இறகு ஒட்டி, உள்ளங்காலை நெருப்பில் சுட்டது. சில கால்விரல்களை இழந்தார். அப்புறம் அவர் யாருக்கும் கருணை காட்டவில்லை. இப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் இரண்டு பக்கமும் கணக்கு வைத்திருந்தார்கள்.

இந்தக் களத்துக்குப் பிறகு 'டார்ல்டன் கருணை' என்பது கொல்வதற்கான முழக்கமாகிவிட்டது. அக்டோபர் 7இல் கிங்ஸ் மவுன்டன் மலையில் லாயலிஸ்டுகள் சரணடைந்தபோது அதைச் சொல்லித்தான் சுட்டார்கள். அங்கே இரண்டு பக்கமும் போரிட்டவர்கள் அமெரிக்கர்கள். பிரிட்டனிலிருந்து வந்தவர் ஒரே ஒருவர், தளபதி பேட்ரிக் ஃபெர்குசன். ஃபேர் லானில் குற்றவாளிகளைச் சுடச் சொன்ன அதே ஃபெர்குசன். அவர் அங்கேயே செத்தார்.

காயம்பட்டவர்களை டார்ல்டன் அங்கேயே விட்டுவிட்டுப் போனார். வாக்ஸ்ஹா சபைக் கூடத்தில் வைக்கோல் பரப்பி, ஊர்ப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் எலிசபெத் ஜாக்சன். கூட ஒத்தாசைக்கு இருந்த 13 வயதுப் பையன் ஆண்ட்ரூ, பின்னாளில் அமெரிக்காவின் ஏழாவது ஜனாதிபதி. மறுவருடம் பிடிபட்டபோது, ஒரு பிரிட்டிஷ் அதிகாரியின் பூட்ஸைத் துடைக்க மறுத்து வாள்வெட்டு வாங்கினான். தழும்பு கடைசிவரை இருந்தது. அந்தப் போரில் இரு அண்ணன்களையும் அம்மாவையும் இழந்தான். மாலையில் அவர் பெயரிலான மாநிலப் பூங்காவுக்குப் போனோம். அன்னா ஹயட் ஹன்டிங்டன் செதுக்கிய சிலையில், சேணமில்லாத பண்ணைக் குதிரை மேல் ஒல்லிப் பையனாக உட்கார்ந்திருக்கிறான்.

அண்ணன் அந்தச் சிலையிடம் நெடுநேரம் நின்றார். பிறகு, "பசிக்குது" என்றார். லான்காஸ்டரில் ஒரு மெக்சிகன் கடை திறந்திருந்தது. பீன்ஸும் சோறும். பிழைத்தோம்.

திங்கள் – ஃபிஷிங் கிரீக், கௌபென்ஸ்

ஃபிஷிங் கிரீக்கில் பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு அறிவிப்புப் பலகை தவிர. கேம்டனுக்கு இரண்டு நாள் கழித்து இங்கே அமெரிக்க ஊர்ப்படைத் தலைவர் தாமஸ் சம்டரின் 800 பேர் குளித்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்தபோது டார்ல்டன் 160 பேரோடு விழுந்தார். 150 பேர் சாவு, 300 பேர் கைதி. வண்டிக்கு அடியில் தூங்கிய சம்டர் சட்டை பூட்ஸ் இல்லாமல் சேணமில்லாத குதிரையில் ஓடித் தப்பினார். நவம்பரில் பிளாக்ஸ்டாக் பண்ணையில் அதே சம்டர் மரச்சுவர்களுக்குப் பின்னால் காத்திருந்தார். லீஜியன் நன்றாக அடி வாங்கியது. சம்டருக்கும் தோளில் பலத்த காயம்.

நேராக மேற்கே கௌபென்ஸ். மாடுகளை மேயவிட்டு அடைக்கும் இடமாக இருந்ததால் அந்தப் பெயர். இப்போது தேசியப் போர்க்களம். இரண்டு கிலோமீட்டர் நடைபாதை. பழைய கிரீன் ரிவர் சாலையின் தடம் நடுவில் ஓடுகிறது. மேட்டு நிலம் மெதுவாக ஏறி, இறங்கி, மறுபடி ஏறுகிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் போரையே தீர்மானித்தது. சாதாரணமாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது, நடந்தால் தொடைக்குத் தெரியும்.

இங்கே அமெரிக்கத் தளபதி டேனியல் மோர்கன், பெரிய படிப்பு இல்லாத வண்டிக்காரர். இளமையில் பிரிட்டிஷ் ராணுவத்தில் 500 கசையடி தண்டனை வாங்கியவர். அடித்தவன் எண்ணிக்கையில் ஒன்றை விட்டுவிட்டான், மன்னர் எனக்கு இன்னும் ஓரடி பாக்கி என்று சொல்லிக்கொள்வார். 1781 ஜனவரி 16 இரவு ஒவ்வொரு கூடாரத் தீயாகப் போய் உட்கார்ந்து ஊர்ப்படை ஆட்களிடம் பேசினார். அவர் கேட்டது சின்ன விஷயம்: இரண்டு மூன்று வேட்டு போடுங்கள், அதிகாரிகளைக் குறிபாருங்கள், அப்புறம் நீங்கள் பின்னால் போகலாம். ஓடிப்போவார்கள் என்று தெரிந்த ஆட்களிடம் ஓடுவதையே திட்டமாக்கிக் கொடுத்தார். நான் படித்த தளபதிகளில் இவ்வளவு மனித சுபாவம் தெரிந்தவர் குறைவு.

டார்ல்டன் ஆட்களை அதிகாலை மூன்று மணிக்குக் கிளப்பி, குளிரில் ஓடைகளைத் தாண்ட வைத்து, விடியும்போது கொண்டுவந்து நிறுத்தினார். ஓய்வு இல்லை. ஏறக்குறைய 1,100 பேர். உடனே முன்னேறச் சொன்னார். முதல் வரிசை சுட்டுவிட்டுப் பின்வாங்கியது. பிக்கன்ஸின் ஊர்ப்படை சுட்டுவிட்டுப் பின்வாங்கியது. பிரிட்டிஷ் தரப்புக்கு அது கேம்டன் மாதிரியே தெரிந்தது, எதிரி ஓடுகிறான். கடைசி மேட்டில் ஹோவர்டின் தேர்ந்த காலாட்படை. அங்கேயும் ஓர் உத்தரவைத் தவறாகப் புரிந்துகொண்டு பின்பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தது. வெற்றி என்று நினைத்து பிரிட்டிஷ் வரிசை கலைந்து ஓடி வந்தது. முப்பது கஜம் இருக்கும்போது அமெரிக்கர்கள் சட்டென்று திரும்பிச் சுட்டார்கள். பிறகு துப்பாக்கி முனைக் கத்தி. இடப்பக்கம் வில்லியம் வாஷிங்டனின் குதிரைப்படை மேட்டுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. மறுபக்கம் பிக்கன்ஸின் ஆட்கள் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

டார்ல்டனிடம் இன்னும் ஒரு சீட்டு இருந்தது. பின்னால் நின்ற லீஜியன் குதிரைப்படை, 200 பேருக்கு மேல். பாயச் சொன்னார். பாயவில்லை. திரும்பிப் போய்விட்டார்கள். தன் குதிரைக்காரர்கள் தன்னைக் கைவிட்டதை அவரே 1787இல் எழுதினார். ஐம்பது பேர் வாக்கில்தான் கூட நின்றார்கள், அவர்களில் 17ஆம் டிராகூன் சிவப்புச் சட்டைகளும் உண்டு. அவர்களோடு கிரீன் ரிவர் சாலையில் வில்லியம் வாஷிங்டனோடு நேருக்கு நேர் மோதினார். வாஷிங்டனின் வாள் பிடியோடு முறிந்தது. ஒரு கறுப்பினச் சிறுவன் கைத்துப்பாக்கியால் சுட்டு அவரைக் காப்பாற்றினான். 1845இல் ரேனி வரைந்த ஓவியத்தில் அந்தச் சிறுவன் ஊதுகொம்போடு இருக்கிறான். டார்ல்டன் சுட்ட குண்டு வாஷிங்டனின் குதிரையில் பட்டது. அத்தோடு டார்ல்டன் ஓடிவிட்டார்.

ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. பிரிட்டிஷ் தரப்பில் 110 பேர் சாவு, 500க்கு மேல் கைதி. மோர்கன் கொடுத்த கணக்கில் அமெரிக்கச் சாவு 12.

திரும்பும்போது காஃப்னியில் பீச் பழ வடிவத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தோம். நெடுஞ்சாலையோரம், பத்து லட்சம் காலன் கொள்ளளவு, பிளவு, இலை எல்லாம் வைத்து ஆரஞ்சு மஞ்சளில். அண்ணன் இந்தப் பயணத்தில் எடுத்த ஒரே புகைப்படம் அது.

செவ்வாய் – ஷார்லட்

அண்ணனுக்கு இன்று வேலை. நான் மட்டும் ரயிலில் நகர மையத்துக்கு வந்து, டிரேட் தெருவும் டிரையான் தெருவும் வெட்டும் முனையில் நின்றேன். சுற்றிலும் வங்கிக் கோபுரங்கள். 1780 செப்டம்பர் 26 அன்று இங்கே ஒரு நீதிமன்றக் கட்டடமும் இருபது வீடும்தான். கல்சுவருக்குப் பின்னால் அமெரிக்கத் தரப்பில் வில்லியம் டேவியின் சில பேர். டார்ல்டன் காய்ச்சலில் படுத்திருந்தார், லீஜியனை நடத்தியவர் மேஜர் ஹேங்கர். பாய்ந்தார்கள், ஒரு வேட்டு விழுந்தது, திரும்பினார்கள். மறுபடி பாய்ந்தார்கள், மறுபடி திரும்பினார்கள். கார்ன்வாலிஸே முன்னால் வந்து, உங்களுக்கு இழக்கப் பெயர் இருக்கிறது என்பது போல் ஏதோ சொல்லிக் கத்த வேண்டியிருந்தது. கௌபென்ஸில் நடந்ததற்கு நான்கு மாதம் முன்னாலேயே இங்கே ஒத்திகை நடந்துவிட்டது. சேர்த்துப் பாருங்கள். மங்க்ஸ் கார்னர், புஃபோர்ட், கேம்டன், ஃபிஷிங் கிரீக்: தூங்குகிறவன், கலைந்தவன், ஓடுகிறவன். ஷார்லட், பிளாக்ஸ்டாக், கௌபென்ஸ்: நின்று சுட்டவன். வேகம்தான் இவர்களின் ஆயுதம். எதிரி காத்திருக்கக் கற்றுக்கொண்டதும் அது மொண்ணையானது.

கார்ன்வாலிஸ் இந்த ஊரைக் குளவிக் கூடு என்றாராம். ஊரின் கூடைப்பந்து அணிக்கு ஹார்னெட்ஸ், அதாவது குளவிகள், என்று பெயர் வந்தது அதனால்தான்.

டார்ல்டன் 1781 மார்ச்சில் கில்ஃபோர்டில் வலது கையில் இரண்டு விரலை இழந்தார். அக்டோபரில், கார்ன்வாலிஸ் சரணடைந்த யார்க்டவுனுக்கு எதிர்க்கரை, கிளாஸ்டர் முனையில் சரணடைந்தார். கூடவே சரணடைந்த இன்னொரு பச்சைச் சட்டை லாயலிஸ்ட் படை குவீன்ஸ் ரேஞ்சர்ஸ், அதன் தளபதி ஜான் கிரேவ்ஸ் சிம்கோ. டொராண்டோவில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஆகஸ்ட் முதல் திங்கள் விடுமுறை வருகிறதே, சிம்கோ நாள், அவர்தான். மேல் கனடாவின் (இன்றைய ஒன்டாரியோ) துணை ஆளுநராகி 1793இல் அடிமை முறையைக் கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவந்தார். டார்ல்டன் லிவர்பூல் எம்.பி. ஆகி அடிமை வணிகத்தை ஒழிக்கக்கூடாது என்று நாடாளுமன்றத்தில் வாதாடினார்.

படையில் இருந்த சாதாரண ஆட்களின் கதி? யார்க்டவுன் சரணாகதியில், மன்னர் பக்கம் நின்ற அமெரிக்கர்களைத் தண்டிக்கக்கூடாது என்று கார்ன்வாலிஸ் ஒரு பிரிவு கேட்டார். ஜார்ஜ் வாஷிங்டன் மறுத்துவிட்டார். அதற்குப் பதில் போனெட்டா என்ற ஒரு கப்பலைச் சோதனையில்லாமல் போக விட்டார், தப்ப வேண்டியவர்களில் பலர் அதில் ஏறினார்கள். 1783இல் படை கலைக்கப்பட்டது. ஊர் திரும்ப முடியாது, அங்கே அண்டை வீட்டான் காத்திருக்கிறான். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் போர்ட் மூட்டன் என்ற இடத்தில் நிலம் கொடுத்தார்கள். முழுக்கப் பாறை. பனிக்காலத்தைக் கடந்ததும், 1784 வசந்தத்தில் தீ பிடித்துக் குடியிருப்பே எரிந்துபோனது. ஒரு பகுதியினர் செடபக்டோ வளைகுடாவுக்குப் போய் கைஸ்பரோ என்ற ஊரை உண்டாக்கினார்கள். இன்னும் சிலர் நியூ பிரன்ஸ்விக்கின் செயின்ட் ஸ்டீபனுக்குப் போனார்கள்.

இந்த வழியில் போக நினைப்பவர்கள் மே மாதத்தைத் தவிருங்கள், கொசு மருந்து இல்லாமல் பிகின் பக்கம் போகாதீர்கள். நேரம் குறைவு என்றால் புஃபோர்டும் கௌபென்ஸும் போதும், ஷார்லட்டிலிருந்து ஒரே நாளில் முடித்துவிடலாம். அவித்த கடலையை மட்டும் காரில் மிச்சம் வைக்காதீர்கள். அண்ணன் வண்டியில் வாடை இன்னும் போகவில்லை.